ஆப்பிரிக்காவுக்குக் குழுவாக வேட்டைப் பயணம்: போகலாமா, வேண்டாமா?

கீழக்கரை நடுத்தெரு:
அனைவருக்கும் ஸலாம், வணக்கம். நம்ம கரைக்காரர்களிடம் ஒரு யோசனை கேட்க வந்திருக்கிறேன். துபாயில் சரக்குக் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் தென்னாப்பிரிக்காக்காரர். வருகிற ஜூனில் நமீபியாவுக்கு வேட்டைக்குப் போக ஒரு குழு சேர்க்கிறார். மொத்தம் 11 பேர். என்னையும் அழைத்திருக்கிறார், ஊரிலிருந்து என் மச்சான்கள் இரண்டு பேரும் வருகிறோம் என்று நிற்கிறார்கள். நமீபியாவில் இது சட்டப்படி நடக்கும் தொழில், முறையான உரிமம் உள்ள வழிகாட்டி கூடவே வருவார் என்கிறார்கள். நான் இதுவரை துப்பாக்கியைத் தொட்டதில்லை. மச்சான்களில் ஒருவருக்கு உரிமம் பெற்ற துப்பாக்கி உண்டு, அதையே எடுத்து வரலாமா என்று கேட்கிறார்.

டிக்கெட் எப்படிப் போடுவது, துப்பாக்கி விஷயம் எப்படி, சுட்ட மிருகத்தின் கறி என்ன ஆகும், கொம்பை ஊருக்குக் கொண்டுவர முடியுமா? இவ்வளவும் தெரிய வேண்டும். வாப்பாவிடம் சொன்னேன். பசிக்காக இல்லாமல் ஒரு உயிரை எடுக்க இவ்வளவு தூரம் போகிறாயா என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அதுவும் மனதில் கிடக்கிறது.

பாரதிநகர் டிக்கெட்:
டிக்கெட் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதைப் பெரியவர்கள் சொல்லட்டும்.

10 பேருக்கு மேல் என்றால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் குழு முன்பதிவாக எடுத்துக்கொள்ளும். விலை குறையும் என்று நம்ப வேண்டாம், சில சமயம் தனி டிக்கெட்டை விடக் கூடவே வரும். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்துவிட்டு, பெயர்களைப் பிறகு கொடுக்கலாம். ஒருவர் விலகினால் இன்னொருவரைச் சேர்க்கவும் ஓரளவு வழி இருக்கும். ஆனால் உங்கள் குழு இரண்டு ஊரிலிருந்து கிளம்புகிறது. மச்சான்கள் மதுரையிலோ சென்னையிலோ ஏறி துபாய் வந்து உங்களோடு சேரும்படி வைத்துக்கொண்டாலும், பயணம் முழுவதும் ஒரே பதிவெண்ணில் இருக்க வேண்டும்.

ஏன் என்றால், நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக் போக நிறையப் பேர் ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கித்தான் மாறுகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால், பெட்டியை ஜோகன்னஸ்பர்க்கில் நீங்களே வெளியே போய் எடுத்து மறுபடி போட வேண்டிவரும். வெளியே போக தென்னாப்பிரிக்க விசா வேண்டும். நம் பாஸ்போர்ட்டுக்கு அது முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்க வேண்டியது. உங்கள் குழுவில் இருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது, அதனால் அவர்கள் இதை யோசித்திருக்கவே மாட்டார்கள். டிக்கெட் போடுபவரிடம் பாஸ்போர்ட் எந்த நாடு என்பதை ஆளாளுக்குத் தனியாகச் சொல்லுங்கள்.

எத்தியோப்பியாவின் ஆடிஸ் அபாபா வழியாகவும் போகலாம். அப்படியென்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பற்றிக் கேளுங்கள், அதை அப்புறம் எழுதுகிறேன்.

பாம்பன் பாசி:
டிக்கெட் கணக்கெல்லாம் சரி. எனக்கு இதைப் படித்ததும் வயிறு எரிகிறது, அதை மறைக்காமல் சொல்கிறேன்.

என் அம்மா பாசி எடுக்கப் போனவர். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு பவளப்பாறை ஓரமாக முங்கி எடுத்த காசில்தான் நாங்கள் படித்தோம். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதற்கு அப்புறம் தீவுப் பக்கம் போனாலே பயம். அம்மாவை ஒருமுறை பிடித்து, எடுத்த பாசியையும் பிடுங்கிக்கொண்டு, அபராதமும் கட்டவைத்தார்கள். 2001இல் கடல் அட்டையையும் முழுக்கத் தடை செய்தார்கள். அதை நம்பிப் பிழைத்த முங்குகாரர்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். அதே அட்டையை எதிர்க்கரையில் இலங்கைக்காரர் அனுமதிச் சீட்டோடு பிடிக்கிறார்.

வயிற்றுக்காகக் கடலில் கைவைத்த எங்களுக்கு இந்தச் சட்டம். இங்கிருந்து பணம் உள்ளவர் விமானம் ஏறிப் போய், ஒரு மானைச் சுட்டு, அதன் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வது சட்டப்படி சரியான தொழிலா? கீழக்கரை அண்ணே, உங்கள் வழக்கப்படி காக்கா என்றே கூப்பிடுகிறேன், நீங்கள் கோபப்படக் கூடாது. கேட்டீர்கள், சொல்கிறேன்.

வாலிநோக்கம் மாலுமி:
பாம்பன் தங்கச்சி சொல்வதில் உள்ள வேதனை உண்மை. ஆனால் நமீபியாவைப் பற்றி நான் நேரில் பார்த்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தங்கச்சியின் கேள்விக்கு அங்கே ஒரு பதில் இருக்கிறது.

மீன்பிடிக் கப்பலில் வேலைக்காக வால்விஸ் பே துறைமுகத்தில் பல காலம் இருந்தேன். ஹேக் மீனும் குதிரைக் கானாங்கெளுத்தியும் அங்கே பெரிய தொழில். கூட வேலை பார்த்த ஒருவன் வடமேற்கில் குனேனே பகுதிக்காரன். விடுமுறையில் அவன் ஊருக்கு என்னைக் கூட்டிப்போனான். நம்ம சாயல்குடிக் காட்டை விட வறண்ட நிலம். ஆடு மாடு மேய்க்கிறார்கள். யானை வந்து தண்ணீர்த் தொட்டியை உடைக்கும், சிங்கம் மாட்டை அடிக்கும். முன்பெல்லாம் காட்டு மிருகம் அரசாங்கத்தின் சொத்து, அது தின்னும் மாடு மட்டும் இவர்களுடைய சொத்து. வெள்ளைக்காரப் பண்ணை முதலாளிகளுக்கு அவர்கள் நிலத்தில் உள்ள மிருகத்தின் மேல் உரிமை 1975லேயே சட்டத்தில் வந்துவிட்டது. பொது நிலத்தில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கு, நாடு 1990இல் சுதந்திரம் அடைந்து, 1996இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அது கிடைத்தது. அந்தத் திருத்தத்தின்படி ஊர் மக்கள் எல்லை வகுத்து, உறுப்பினர் பட்டியல் போட்டு, குழு தேர்ந்தெடுத்துப் பதிவு செய்துகொண்டால், அந்த எல்லைக்குள் இருக்கும் மிருகங்களைப் பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கு. கன்சர்வன்சி என்பார்கள். 1998இல் முதல் சில பதிவாகின. இன்று 80க்கும் மேல் இருக்கின்றன, நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

வேட்டைக்கு எத்தனை மிருகம் என்று அமைச்சகம் ஒதுக்கீடு கொடுக்கும். வேட்டை நிறுவனம் அந்தக் கன்சர்வன்சியோடு ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டும். கறி ஊருக்குப் போகும். கிழக்கே நையே நையே என்ற இடத்தில் சான் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு யானைக் கறியும் அந்தப் பணமும் பெரிய ஆதாரம். காவலுக்கு ஊர் இளைஞர்களையே சம்பளத்துக்கு வைக்கிறார்கள். கள்ள வேட்டைக்காரன் வந்தால் அவன் ஊரின் சொத்தைத் திருடுகிறான் என்று ஆகிவிடுகிறது. பாலைவனத்து யானையும் சிங்கமும் வேலி இல்லாத நிலத்தில் இன்னும் நடமாடுவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன்.

எல்லாம் பால் வழிகிறது என்று சொல்ல மாட்டேன். வருகிற பணத்தில் நிறைய நிர்வாகச் செலவுக்கே போய்விடுகிறது, வீட்டுக்கு வந்து சேருவது கொஞ்சம் என்று அந்த நண்பனே புலம்புவான். ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். நம்ம தீவுகளை அறிவித்தபோது முங்குகாரரையும் பாசி எடுக்கும் பெண்ணையும் யாரும் உட்காரவைத்துப் பேசவில்லை.

அதனால் கீழக்கரைத் தம்பி, நீங்கள் முதலில் கேட்க வேண்டியது விமானமோ துப்பாக்கியோ கிடையாது. உங்களைக் கூட்டிப்போகிறவர் யாருடைய நிலத்துக்குக் கூட்டிப்போகிறார்? கன்சர்வன்சியா, தனியார் பண்ணையா? மிருகம் அங்கேயே பிறந்து வளர்ந்ததா, லாரியில் கொண்டுவந்து விட்டதா? நீங்கள் கட்டும் பணத்தில் ஊருக்கு எவ்வளவு, கறி யாருக்கு? இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வழவழவென்று வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாயல்குடி மிளகாய்க்காடு:
அண்ணே சொன்ன சிங்கம், யானை எங்களுக்குக் கிடையாது. எங்களுக்குக் காட்டுப்பன்றி. கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேல் அடைத்துக் கிடக்கிறது, பகலெல்லாம் அதற்குள் படுத்துக் கிடந்து ராத்திரி நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் உழுதுவிட்டுப் போகும். 2025 தொடக்கத்தில் அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம், 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம், 1 கிலோமீட்டருக்குள் தொடக் கூடாது. விவசாயி சுட முடியாது. வனத்துறைக்காரர் வரும்வரை பன்றி காத்திருக்குமா?

ஆப்பிரிக்காவில் மிருகத்தோடு வாழ்பவனுக்கு ஒரு பங்கு உண்டு என்பதைக் கேட்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவ்வளவுதான்.

பாம்பன் பாசி:
வாலிநோக்கம் அண்ணே, இந்த விவரம் எனக்குப் புதிது. ஊருக்குப் பங்கு என்பதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த ஊர் பிழைக்க, வெளிநாட்டுக்காரன் வந்து சுட்டால்தான் முடியுமா? பார்க்க வருகிறவர்களிடம் பணம் வாங்க முடியாதா? கென்யாவில் 1977லேயே வேட்டையைத் தடை செய்துவிட்டார்கள், அங்கே சுற்றுலா ஓடத்தானே செய்கிறது?

மண்டபம் முகாம்:
கடல் உயிரியல் படித்தவன் என்ற முறையில் இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

கென்யா பற்றிச் சொன்னது சரி. ஆனால் மசாய் மாராவுக்குப் பார்க்கப் போகும் கூட்டம் எல்லா இடத்துக்கும் போகாது. சாலை இல்லாத, தங்க இடம் இல்லாத, ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டினாலும் நாலு மிருகம் கண்ணில் படுகிற வறண்ட நிலத்துக்குப் படம் எடுக்கிறவர்கள் வருவதில்லை. வேட்டைக்காரர் வருகிறார், ஆள் குறைவு, பணம் அதிகம். போட்ஸ்வானா 2014இல் தடை போட்டு 2019இல் நீக்கியதற்கு இது ஒரு காரணம், விளைநிலத்துக்குள் வரும் யானைகள் இன்னொரு காரணம். அதே சமயம் பாம்பன் தங்கை கேட்பது நியாயமான கேள்வி. பார்க்க வரும் கூட்டம் போதுமான அளவு வருகிற இடத்தில் துப்பாக்கிக்கு அவசியமே கிடையாது என்பதுதான் என் கருத்து.

மோசமான பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2015இல் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவைச் சேர்ந்த செசில் என்ற சிங்கத்தைப் பூங்கா எல்லைக்கு வெளியே ஒரு அமெரிக்கப் பல் மருத்துவர் கொன்றார். ஆய்வாளர்கள் கழுத்துப்பட்டை மாட்டிக் கண்காணித்து வந்த சிங்கம் அது. உலகமே கொதித்தது. அந்த ஆண்டில் பல விமான நிறுவனங்கள் சிங்கம், யானை, காண்டாமிருகத் தலைகளை ஏற்ற மாட்டோம் என்று அறிவித்தன, எமிரேட்ஸ் உட்பட. தென்னாப்பிரிக்காவில் இன்னொரு கொடுமை: சிங்கக் குட்டியைப் பண்ணையில் வளர்த்து, மனிதர் கையால் பால் குடித்துப் பழகிய அதை வேலிக்குள் விட்டுச் சுடவைப்பது. அந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவருவோம் என்று அந்நாட்டு அரசே சொல்லியிருக்கிறது. அந்த மாதிரி இடத்துக்கு உங்களை யாராவது அழைத்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

இன்னொன்று. நம் நாட்டில் வேட்டை 1972 வன உயிரினச் சட்டத்தோடு முடிந்தது. அதற்கு முன்பே சிவிங்கிப்புலியை இழந்துவிட்டோம், 1952இல் அது இந்தியாவில் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். 70 ஆண்டு கழித்து, 2022 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்கு 8 சிவிங்கிப்புலிகள் வந்தன. எங்கிருந்து? இதே நமீபியாவிலிருந்து. பண்ணை முதலாளிகள் கன்றைத் தின்கிறது என்று சுட்டுத் தள்ளிய மிருகம்தான் அங்கேயும், ஆனாலும் மற்ற பல நாடுகளை விட அங்கே அதிகம் மிஞ்சியிருக்கிறது. அந்த நாட்டை வெறும் கொலைக்களமாகப் பார்ப்பது சரியாகாது.

கொம்பு விஷயம்: அருகிவரும் உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள உயிர்களின் உறுப்பு எதையும் அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு தாண்டிக் கொண்டுபோக முடியாது. பட்டியலில் இல்லாத மானின் கொம்பாக இருந்தாலும் சென்னை, மதுரை விமான நிலையத்துக்குக் கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஆவுளியா என்கிற கடற்பசுவின் கறி கீழக்கரைப் பக்கம் ஒரு காலத்தில் சந்தையில் விற்ற பொருள். இன்று வலையில் சிக்கிய ஆவுளியாவை மீனவர்களே வலையை அறுத்து விடுகிறார்கள். அப்படிப்பட்ட கரையின் வீட்டுச் சுவரில் ஒரு குடு மானின் கொம்பு தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

தொண்டி கடைத்தெரு:
காக்கா, மார்க்க விஷயம் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது: உண்ணத் தகுந்த பிராணியை, பெயர் சொல்லி, உண்பதற்காக வேட்டையாட அனுமதி உண்டு. வெறும் பொழுதுபோக்குக்காக உயிரை எடுப்பதைக் கண்டித்திருக்கிறார்கள். குடு, இம்பாலா, ஓரிக்ஸ் போன்றவை மான் வகை, அங்கே எல்லோரும் சுடும் வார்ட்ஹாக் பன்றி வகை. உங்கள் வாப்பா கேட்டது இந்தக் கேள்விதான், அதற்குப் பதில் தெரியாமல் விமானம் ஏறாதீர்கள்.

கீழக்கரை நடுத்தெரு:
எல்லோருக்கும் நன்றி. பாம்பன் தங்கச்சி, எனக்குக் கோபம் இல்லை. உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதை என் வீட்டிலும் படித்துக் காட்டினேன்.

வாலிநோக்கம் காக்கா சொன்ன கேள்விகளை அப்படியே அனுப்பினேன். பதில் வந்தது. இடம் தனியார் பண்ணை, சுற்றிலும் உயரமான வேலி. சில மிருகங்கள் வெளியிலிருந்து வாங்கி விட்டவை. கறி பண்ணைக்காரருக்கு, கொஞ்சம் வேலையாட்களுக்கு, மீதியை விற்பார்கள். ஊர்ப் பங்கு என்ற பேச்சே இல்லை. கட்டண விவரத்தில் ஒரு வரி கண்ணில் பட்டது: மிருகத்துக்குக் காயம் பட்டு அது ஓடி மறைந்துவிட்டாலும் முழுக் கட்டணம். இது வழக்கம்தானா?

வாலிநோக்கம் மாலுமி:
வழக்கம்தான். ஆப்பிரிக்கா முழுக்க அதுதான் விதி, ஒரு சொட்டு ரத்தம் சிந்தினாலும் பணம். நல்ல விதி என்றே சொல்வேன், கண்டபடி சுடுவதை அது தடுக்கிறது. ஆனால் இதுவரை துப்பாக்கி தொடாத ஆள், மூன்று கால் தாங்கியில் துப்பாக்கியை வைத்து, நூறு, நூற்றைம்பது மீட்டர் தூரத்தில் நிற்கும் ஒரு பெரிய மானைச் சுடும்போது என்ன நடக்கும் என்று யோசியுங்கள். அது குடலில் அடிபட்டு, முள்ளுக்காட்டுக்குள் மணிக்கணக்காக அலைந்து சாகும். போகத்தான் போகிறீர்கள் என்றால் இங்கே முறையான சுடுதளத்தில் பயிற்சி எடுத்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் சுடாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மச்சானின் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். இந்தியாவிலிருந்து கொண்டுபோகத் தனி அனுமதி, இடையில் இறங்கும் நாட்டின் அனுமதி, விமான நிறுவனத்தின் முன் ஒப்புதல், போய்ச் சேரும் நாட்டின் தற்காலிக இறக்குமதிச் சீட்டு, தென்னாப்பிரிக்காவுக்குள் இறக்கினால் அந்த ஊர் போலீஸின் 520 எண் படிவம். தோட்டாவை வேறாகப் பூட்ட வேண்டும், எடையும் ஆளுக்கு 5 கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். ஒரு தாள் குறைந்தால் 11 பேரும் விமான நிலையத்தில் நிற்பீர்கள். அங்கேயே வாடகைக்குத் துப்பாக்கி கிடைக்கும், பெரும்பாலானோர் அதைத்தான் செய்கிறார்கள்.

இன்னொரு வழி, சுடாத பார்வையாளர் என்று ஒரு கட்டணம் பெரும்பாலான வேட்டை நிறுவனங்களில் உண்டு. நான் நண்பன் ஊரில் அப்படித்தான் நடந்தேன். தடம் பார்ப்பவர் மண்ணில் குனிந்து, ஒரு புல் ஒடிந்திருப்பதை வைத்து, ஓரிக்ஸ் காலையில் போனதா இரவே போனதா என்று சொல்வார். நீர்வாட்டத்தைப் பார்த்து மீன் எங்கே என்று சொல்லும் நம்ம பெரியவர்களின் கூர்மை அவரிடம் இருந்தது. துப்பாக்கி இல்லாமலே அந்த நடை போதும்.

சாயல்குடி மிளகாய்க்காடு:
வேலி போட்டு, வாங்கி விட்ட மிருகத்தைச் சுடுவதற்கு வேட்டை என்று பெயர் வைக்கலாமா அண்ணே?

வாலிநோக்கம் மாலுமி:
ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணைகளும் உண்டு தம்பி, அங்கே மிருகம் தப்பித்துப்போக முழு வாய்ப்பு இருக்கும். வேலி என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தள்ள முடியாது. ஆனால் இந்த இடத்தின் பதிலில் பரப்பளவே சொல்லவில்லை பாருங்கள். எனக்கு அதுவே போதும்.

பாம்பன் பாசி:
காக்கா, நமீபியாவில் 2024இல் வறட்சி வந்தபோது ஜனங்களுக்குக் கறி கொடுக்க 723 காட்டு மிருகங்களை அரசே சுட முடிவெடுத்தது, அதில் 83 யானை. அப்போது செய்தியில் பார்த்து அழுதேன். இப்போது இங்கே படித்த பிறகு, பசித்த ஊர் தன் மிருகத்தைத் தின்பதை என்னால் குற்றம் சொல்ல முடியவில்லை. பணம் கட்டிச் சுவருக்குத் தலை வாங்குவதை இன்னும் ஏற்க முடியவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

கீழக்கரை நடுத்தெரு:
முடிவு சொல்லிவிடுகிறேன். அந்தப் பண்ணைக்கு நான் வரவில்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார், ஆனால் வியாபாரம் அதனால் நிற்காது. மச்சான்களில் ஒருவர் இன்னும் போகத்தான் போகிறேன் என்கிறார், துப்பாக்கியை மட்டும் வீட்டிலேயே வைக்கச் சம்மதித்திருக்கிறார். நானும் இன்னொரு மச்சானும் தனியாக, வடமேற்கில் கன்சர்வன்சி நடத்தும் முகாமில் தங்கித் தடம் பார்க்கிறவரோடு நடக்கலாம் என்று இருக்கிறோம். வாப்பாவிடம் சொன்னேன், அப்படியென்றால் போய்ட்டு வா என்றார். ஆடிஸ் அபாபா வழி மலிவாக வருகிறது. பாரதிநகர் தம்பி, ஊசி பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே?

பாரதிநகர் டிக்கெட்:
எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. ஆடிஸ் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும்படி டிக்கெட் அமைந்தால் நமீபியாவில் சான்று கேட்பார்கள். அதனால் காத்திருப்பு குறைவான விமானமாகப் பாருங்கள், ஊசியையும் போட்டுக்கொள்ளுங்கள். இந்தியா திரும்பும்போது சான்று இல்லாமல் மாட்டினால் 6 நாள் வரை தனியாக வைப்பார்கள். மச்சான் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம், போகும் முன் நாளையும் நேரத்தையும் விசாரித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். சான்று ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லும், அதற்கு அப்புறம் ஆயுள் முழுக்கச் செல்லும். மஞ்சள் நிறப் புத்தகம் அது, பாஸ்போர்ட்டோடு கையில் வையுங்கள், பெட்டியில் போட வேண்டாம். மலேரியா நமீபியாவின் வடபகுதியில் உண்டு, மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள். பெயர், பாஸ்போர்ட் நகல் இரண்டையும் அனுப்பினால் இந்த வாரமே இரண்டு இடம் பிடித்து வைக்கிறேன்.